ஆடு நுழையாத மூன்று ஏக்கர்

பிப்ரவரி 3, திங்கள்

முப்பத்தொரு ஈர்க்குச்சிகளை ஆடுகள் ஒடித்துப் போட்டுவிட்டன. மூன்று நாள் வேலை, மூன்று நிமிஷத்தில் போயிற்று. நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது. நாளைக்கு இரண்டாம் ஆண்டுப் பெண்களுக்குக் கரப்பான்பூச்சியின் செரிமான மண்டலத்தை எந்தக் குரலில் நடத்தப் போகிறேனோ.

முதலிலிருந்து எழுதிவிடுகிறேன். பின்னால் யாராவது இதைப் படித்தால் புரிய வேண்டும், படிக்காமலா போவார்கள்? குருவிப்பொத்தை என்ற சிறு பாறைக்குன்றுக்குக் கீழே நாற்பது ஏக்கரை ஒரு வீட்டுமனைக் கம்பெனி வாங்கியிருக்கிறது. சாலையோரத்து முதல் கட்டத்துக்கு அனுமதி வாங்கிக் கல்லும் நட்டாயிற்று. மிச்ச நிலத்துக்கு இப்போது விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். நரி, உடும்பு, மயில் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனால் என் கவலை பொத்தையின் சரிவில் கிடக்கும் மூன்று ஏக்கர் பொட்டல். என் தேனீக்கள் அங்கேதான் குடியிருக்கின்றன.

தேனீ என்று சொன்னதும் எல்லாருக்கும் நாக்கில் எச்சில் ஊறுகிறது. நம் வக்கீல் சேவியர்கூட, தேன் எத்தனை கிலோ தேறும் என்று கேட்டார். இவை கூட்டமாக அடை கட்டாது. ஒவ்வொரு பெண் ஈயும் இறுகிய வெறும் மண்ணில் தனக்கென்று ஒரு துளை தோண்டி, அடியில் முட்டையிட்டு, மகரந்தத்தை உருட்டி வைத்து மூடிவிடும். சுண்டுவிரல்கூட நுழையாத துளை. வயிற்றில் நீலப் பட்டை. இந்த நீலத்தை இருபத்திரண்டு வருஷத்தில் நான் வேறெந்த இனத்திலும் பார்த்ததில்லை.

துளைக்கு ஒரு ஈர்க்குச்சி நட்டு, உச்சியில் சிவப்பு நூல் கட்டி எண்ணிக்கொண்டு வந்தேன். அதைத்தான் மிதித்துத் தொலைத்தன.

பிப்ரவரி 6, வியாழன்

ஆட்டுக்காரியின் பெயர் முப்பிடாதி. முப்பத்தைந்து வயசு இருக்கும். புருஷன் கேரளாவில் இருக்கிறானா, எங்கேயும் இல்லையா என்று அவளுக்கே தெரியாது போலிருக்கிறது. இருபத்தெட்டு ஆடுகள். தினமும் காலையில் அந்தச் சரிவு வழியாகத்தான் பொத்தைமேல் ஏற்றுகிறாள், சாயங்காலம் அதே வழியில் இறக்குகிறாள். வேறு வழியில் போயேன் என்றேன். வேறு வழி கம்பெனிக்காரன் கல் நட்ட வழியாம்.

என் ஈர்க்குச்சிகளைப் பார்த்து, "என்ன டீச்சர், பொட்டலுக்குத் தொடப்பம் வச்சிருக்கிய?" என்று சிரித்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொறுமையாகத்தான் விளக்கினேன். உன் ஆடு மிதித்தால் துளை அடைபட்டுப்போகும், ஈ செத்துப்போகும் என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆட்டுக்காலு படாத எடத்துல இது பொந்து போடாது டீச்சர். நான் சின்னப்புள்ளயிலேந்து பாக்கேன்லா" என்றாள்.

மேய்ச்சல் போய்விடும் என்ற பயம். அதற்கு ஒரு விஞ்ஞானம் வேறு.

பிப்ரவரி 14, வெள்ளி

நாற்பது பெண் ஈக்களைப் பிடித்துப் புட்டியில் போட்டுக் கொன்று, ஊசி குத்தி, பெங்களூருக்கு அனுப்பினேன். அங்கே என் பழைய பேராசிரியர்தான் இந்தக் குடும்பத்து ஈக்களில் கடைசி வார்த்தை. புது இனம் என்று அவர் சொல்லிவிட்டால் போதும். கண்டுபிடித்தவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது நாகரிகம் இல்லை. ஆனால் பெயர் வைக்கும் பேராசிரியர் என் பெயரை வைக்கலாம்.

நாற்பதைக் கொன்றதில் வருத்தமா என்று லேப் அட்டெண்டர் சின்னத்துரை கேட்டார். நானூறைக் காப்பாற்றுவதற்கு நாற்பது என்றேன். அவர் புட்டியைக் கழுவப் போய்விட்டார்.

மார்ச் 4, செவ்வாய்

முடிந்தது. 412 துளைகள். எல்லாவற்றுக்கும் படம், அளவு, தேதி. சேவியர் வழக்குப் போட்டுவிட்டார். முதுகு ஒடிகிறது, மூக்குத் தோல் உரிந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய மறந்துபோனேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஜெயித்துவிட்டோம்!

முழுக்க இல்லை, ஒரு வருஷத்துக்கு. மூன்று ஏக்கர் பொட்டலில் யாரும் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. அதைச் சுற்றிய மிச்ச நிலத்திலும் வேலை தொடங்கக் கூடாது. அடுத்த பிப்ரவரியில் இரண்டு நிபுணர்கள் வந்து எண்ணுவார்கள். அந்த மூன்று ஏக்கருக்குள் ஐம்பது உயிருள்ள துளையாவது இருந்தால் தடை நிரந்தரம். ஐம்பதுக்குக் கீழே போனால் தடை தானாக நீங்கிவிடும். முதல் கட்டத்துக்கு இது எதுவும் பொருந்தாது, அது ஏற்கெனவே அனுமதி வாங்கியது.

ஐம்பதா? என்னிடம் நானூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது. சேவியர் போனில் சொன்னபோது ஸ்டாஃப் ரூமில் குதித்தே விட்டேன். தாவரவியல் ஹெட் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சின்னத்துரையை அனுப்பி எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

கம்பெனி மேனேஜர் கல்லூரிக்கே வந்தார். பெயர் கோமதிநாயகம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலி காட்டாமல் நின்றேன். மனுஷன் கும்பிட்டு, கோர்ட்டு சொன்னதை மதிக்கிறோம் மேடம், எங்களால் ஆன உதவியைச் செய்கிறோம் என்றார். அப்புறம் உட்காரச் சொன்னேன்.

பொட்டலைச் சுற்றி வேலி போட்டுத் தருகிறார்களாம். அவர்கள் செலவில். கல்தூண், முள்கம்பி, பூட்டு, வாட்ச்மேன். வேலி போடுவது மாற்றம் செய்வதாகிவிடாதா என்று கேட்டேன். காப்பாற்றத்தானே போடுகிறோம், நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் கோர்ட்டில் சேர்த்துவிடலாம் என்றார்.

"ஆடுதான் பெரிய தொந்தரவுன்னு கேள்விப்பட்டேன் மேடம். ஒரு ஆடுகூட உள்ள வரக் கூடாது, அப்படித்தானே?"

அப்படித்தான் என்றேன். அதை அப்படியே எழுதித் தரச் சொன்னார். கல்லூரி லெட்டர்பேடில், என் பட்டங்கள் எல்லாம் கீழே வர, "ஆடு, மாடு உள்ளிட்ட கால்நடைகளை முற்றிலுமாகத் தடை செய்தால் மட்டுமே இவ்வினம் பிழைக்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை இரண்டு தடவை படித்து, மடிக்காமல் ஃபைலில் வைத்துக்கொண்டார்.

இந்த ஆட்களுக்குள்ளும் மனசாட்சி உள்ள ஒருவர் இருக்கிறார்.

மே 9, வெள்ளி

வேலி போட்டாயிற்று. ஐந்து வரிசை முள்கம்பி. இரண்டு வரிசை போதும் என்றுதான் நான் சொல்லியிருந்தேன்.

முப்பிடாதி வந்தாள். ஆடுகள் பின்னால் நின்றன. நான் எதிர்பார்த்த மாதிரி கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை. கம்பிக்கு வெளியே குனிந்து, பொட்டல் மண்ணை ஒரு கை அள்ளி, என்னைப் பார்த்துத் தூற்றினாள். மூன்று தடவை. வேலி கட்ட வந்த ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மண்ணை வாரித் தூற்றினால் குடும்பம் விளங்காதாம். எனக்குத்தான் குடும்பமே இல்லையே, யார் விளங்காமல் போவது?

அவள் அள்ளிய இடத்தில் இரண்டு துளைகள் இருந்தன. அதையும் குறித்து வைத்தேன்.

மே 19, திங்கள்

கம்பிக்கு அடியில் பள்ளம் பறித்து நான்கு ஆடுகளை உள்ளே விட்டிருக்கிறாள். அல்லது ஆடுகளே நுழைந்தன. வாட்ச்மேன் போன் செய்தான். நான் போலீசுக்குச் சொன்னேன், அவர்கள் பஞ்சாயத்துக்குச் சொன்னார்கள், நான்கையும் பிடித்துப் பவுண்டுத் தொழுவத்தில் அடைத்தார்கள். மூன்று நாள் கழித்து அபராதம் கட்டி மீட்டிருக்கிறாள். அதற்குள் இரண்டு குட்டிகள் வெயிலில் தண்ணியில்லாமல் செத்துப்போயின.

தண்ணீர் வைக்க வேண்டியது யார் வேலை? என் வேலையா? கடவாய்ப் பல்லில் வலி, இரண்டு தடவை உட்கார வேண்டும் என்கிறார் டாக்டர்.

ஜூன் 16, திங்கள்

கல்லூரி திறந்துவிட்டது. புது டைம்டேபிளில் எனக்கு வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம் போட்டிருக்கிறார்கள். தாவரவியல் ஹெட்டுக்குப் பன்னிரண்டு. கேட்டால் சீனியராம்.

முப்பிடாதி பதினெட்டு ஆடுகளை விற்றுவிட்டாள் என்று வாட்ச்மேன் சொன்னான். மிச்சம் எட்டு. அவற்றைக் கம்பெனியின் முதல் கட்டத்தில், மனைக் கற்களுக்கு நடுவே மேய்த்து அங்கேயே கட்டிப்போட்டுக்கொள்ள மேனேஜர் அனுமதி கொடுத்திருக்கிறாராம். நிலத்தை வாங்கியவனிடமே போய்க் கை நீட்டியிருக்கிறாள் பார். கொஞ்சமாவது ரோஷம் வேண்டாமா?

ஜூன் 27, வெள்ளி

சாரல் விழுந்து பொட்டல் பச்சை கட்டியிருக்கிறது! பொடிப் புல், கண்ணுக்குக் குளிர்ச்சி. இருபத்தெட்டு ஆடுகள் எத்தனை வருஷமாக இந்த மண்ணை மொட்டை அடித்து வைத்திருந்தன என்று இப்போதுதான் தெரிகிறது. படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். முன்னூறு பேர் பார்த்தார்கள். மேனேஜர் கோமதிநாயகம் ஒரு கும்பிடு அனுப்பியிருந்தார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பல் பிடுங்கியாயிற்று.

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளி லீவு முடிந்து போனேன். மழை நன்றாகப் பிடித்திருக்கிறது. புல் முழங்கால் உயரம். கொழுக்கட்டைப்புல்லும் ஆவாரங்கன்றும் சீமைக்கருவேல் முளையும் போட்டி போட்டுக்கொண்டு எழும்பியிருக்கின்றன. வண்ணத்துப்பூச்சி மட்டும் பதினேழு வகை எண்ணினேன். இதுதான் நிலம். இதுதான் இது இருக்க வேண்டிய விதம். கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை எழுதப்போகிறேன். தலைப்புக்கூட வைத்துவிட்டேன்: 'வேலி தந்த வாழ்வு'.

செருப்பெல்லாம் ஈரம். முன்பு இந்தச் சரிவில் மழை பெய்த மறுநாளே மண் காய்ந்துவிடும்.

டிசம்பர் 30, செவ்வாய்

கிறிஸ்துமஸ் வேலைகள் முடிந்து இன்றுதான் போக முடிந்தது. போன வருஷம் இந்த நேரத்தில் துளைகள் தொடங்கியிருந்தன. இன்று புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தேன். ஒன்பது.

சீசன் தள்ளிப்போகிறது. இந்த வருஷம் மழை அதிகம்.

ஜனவரி 12, திங்கள்

மூன்று.

நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பழைய கட்டுரையைத் தேடிப் படித்தேன். மாணவியாக இருந்தபோதே படித்ததுதான். வேறொரு நாட்டில் ஒரு வண்ணத்துப்பூச்சியைக் காப்பாற்ற வேலி போட்டு, மேய்ச்சலை நிறுத்தினார்களாம். புல் உயர்ந்தது. மண் குளிர்ந்தது. பூச்சி அற்றுப்போயிற்று. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'முக்கியம்' என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்து.

அது வேறு நாடு. வேறு பூச்சி. அங்கே குளிர்.

புல்லைச் சீவிவிடலாமா என்று சேவியரிடம் கேட்டேன். யாரும் எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்பதுதானே உத்தரவு, நீங்கள் கேட்டு வாங்கியது என்றார். அனுமதி கேட்டு மனுப் போட்டால்? "போடலாம் மேடம். ஈ இல்லைன்னு நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிரும்" என்றார். அவர் குரலில் முதல் தடவையாகச் சலிப்பு இருந்தது.

ஜனவரி 21, புதன்

முப்பிடாதி கல்லூரிக்கு வந்தாள். சின்னத்துரை லேபுக்குள் வந்து, ஆட்டுக்காரப் பொம்பளை ஒன்று நிற்கிறது, ஒரு விஷயம் சொல்ல வேண்டுமாம் என்றார். செத்த குட்டிகளுக்கு இழப்பீடு கேட்கத்தான் வந்திருப்பாள். வேறு எதற்கு வருவாள்? லீவு என்று சொல்லி அனுப்பச் சொன்னேன். ஒரு மணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டுப் போனாளாம்.

எனக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பிராக்டிகல் இருந்தது.

ஜனவரி 24, சனி

வாட்ச்மேன் டீ குடிக்கப் போன நேரத்தில் உள்ளே போய்க் கையாலேயே புல்லைப் பிடுங்கினேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு கட்டில் அளவு இடம். கொழுக்கட்டைப்புல் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அடியில் மண்ணைத் தொட்டால் ஜில்லென்று பொதபொதவென்று இருக்கிறது. இதில் எந்த ஈ தோண்டும்?

நிமிர்ந்தால் வேலிக்கு வெளியே கோமதிநாயகம். போனில் படம் எடுத்துவிட்டிருந்தார். "மேடம், கோர்ட்டு உத்தரவு இருக்கில்ல. நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். என் கை ரத்தத்தைப் பார்த்துத் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 14, சனி

நல்ல குடைதான், உடைத்துவிட்டேன். கம்பி ஒன்றைத் தனியாக உருவி எடுத்துக்கொண்டேன். சரியாக அந்தத் துளையின் தடிமன்.

சாயங்காலம் பொத்தைக்குப் போய் வந்தேன். அறுபது. எண்ணித்தான் செய்தேன். இதற்கு மேல் இங்கே எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நிபுணர்கள் இரண்டு பேர். ஒருவர் இளையவர், சென்னைக்காரர். இன்னொருவர் வெயிலுக்குத் துண்டு போட்டுக்கொண்ட பெரியவர். சேவியர், கோமதிநாயகம், நான். காலை பத்திலிருந்து ஒன்றரை வரை நடந்தார்கள். புல் அவர்கள் இடுப்பில் இடித்தது. சென்னைக்காரர் ஒரு இடத்தில் உட்கார்ந்து, "சார், இங்கே நிறைய ஓட்டை இருக்கு" என்றார்.

பெரியவர் முட்டி போட்டு ஒரு துளையின் வாயில் மெல்ல ஊதினார். ஈர்க்குச்சியால் ஆழம் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். அடுத்ததை. எல்லாம் ஒரே ஆழம், ஒரே சாய்வு. துளை தோண்டும் ஈ வெளியே மண்ணைத் தள்ளிக் குவிக்கும், இங்கே எதன் வாயிலும் ஒரு துணுக்கு மண் இல்லை. இதை நான் மாணவிகளுக்கு வருஷா வருஷம் சொல்லித் தருகிறேன்.

அவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. கம்பி பிடித்துக் கொப்பளித்த என் உள்ளங்கையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார். பிறகு நோட்டில் ஒரு பூஜ்யம் போட்டு, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அதை வட்டமிட்டார். அறுபது துளைகளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அது எனக்கு அவர் போட்ட பிச்சை.

பராமரிப்பில் குறை உண்டா என்று சென்னைக்காரர் கேட்டார். கோமதிநாயகம் ஃபைலைத் திறந்து என் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். மடிப்பே இல்லாமல் அப்படியே இருந்தது. "மேடம் சொன்ன மாதிரியே செஞ்சிருக்கோம் சார். ஒரு ஆடுகூட உள்ள விடலை."

அவர்கள் ஜீப்பில் ஏறிய பிறகு கோமதிநாயகம் எனக்கு ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். சேவியர் குடிக்கவில்லை, நான் குடித்தேன், நாக்கு ஒட்டிப்போயிருந்தது.

"எங்க வீட்லயும் ஆடு உண்டு மேடம்" என்றார். "பத்து வயசு வரைக்கும் நான் மேச்சவன். ஆட்டை நிறுத்தினா பொட்டல் எத்தனை மாசத்துல காடாகும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்னுதான் நெனச்சேன்."

"தெரிஞ்சேதான் வேலி போட்டீங்களா?"

"நீங்க எழுதிக் கொடுத்தீங்க மேடம். நான் போட்டேன்."

சேவியர்தான் காரில் கொண்டுவந்து விட்டார். கல்லூரி வாசலில் இறக்கிவிடும்போது, அந்த ஆட்டுக்காரப் பெண் உங்களிடம் ஏதாவது சொன்னாளா என்று கேட்டார். இல்லை என்றேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

பெங்களூரிலிருந்து மெயில். புது இனம்தான், சந்தேகமே இல்லை. கட்டுரை ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. இருபத்திரண்டு வருஷம் பூச்சி பின்னால் அலைந்த என்னைக் கௌரவிக்கும் விதமாக, என் பெயரையே லத்தீனாக்கி இனத்துக்கு 'பியூலே' என்று பெயர் வைத்திருக்கிறார். உலகத்தில் இந்த ஈ இருக்கும் ஒரே இடம் என்று குருவிப்பொத்தையைக் குறிப்பிட்டிருக்கிறார். சரிபார்த்துச் சொல்லவும் என்று கேட்டிருக்கிறார்.

பிரின்சிபால் கை கொடுத்தார். தாவரவியல் ஹெட்டும் கொடுத்தார். சின்னத்துரை வடை வாங்கி வரவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மெயிலுக்கு இன்னும் பதில் போடவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

தடை நீங்கிவிட்டது. காலையிலேயே பொத்தைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை, வீட்டில் இருக்க முடியவில்லை. இரண்டு ஜேசிபிகள் கல்தூண்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. அவர்களே நட்ட தூண்கள். முள்கம்பியைச் சுருட்டி லாரியில் ஏற்றினார்கள். புல்லும் மண்ணுமாக என் மூன்று ஏக்கரை ஒரு பக்கத்திலிருந்து புரட்டிக்கொண்டு வந்தார்கள். வேடிக்கை பார்க்க ஒரு ஆளும் இல்லை.

திரும்பி முதல் கட்டம் வழியாக வந்தேன். மனை பதினான்குக்கு முன்னால் நடைபாதைக்குச் சிமெண்ட் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு சட்டையும் தொப்பியுமாகக் கல்லை ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். முப்பிடாதி. ஆடு எங்கே என்றுதான் முதலில் கேட்டேன், வேறு என்ன கேட்க.

எட்டையும் போன வாரம் விற்றுவிட்டாளாம். கல் பதிக்க வேண்டும், இடத்தைக் காலி பண்ணு என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். கூடவே வேலையும் போட்டுக் கொடுத்தாராம். எட்டு மாசமாக ஆட்டைக் கட்டிப்போட்ட இடம் இதுதான் என்று சுத்தியலால் காட்டினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. அதை நான் எங்கே இருந்தாலும் கண்டுபிடிப்பேன்.

கல் பதித்து முடித்த பகுதிக்கு மேலே, கணுக்கால் உயரத்தில், அவை சுற்றிக்கொண்டிருந்தன. நீலப் பட்டை. கால் நிறைய மஞ்சள் மகரந்தம். ஒவ்வொன்றும் ஒரு கல்லின் மேல் இறங்கும், நடக்கும், முகத்தால் தட்டிப் பார்க்கும், எழும்பி ஒரு வட்டம் அடித்து மறுபடி அதே கல்லில் இறங்கும். வீட்டு வாசலைத் தேடின. காலையில் மகரந்தம் தேடப் போனபோது வாசல் இருந்தது.

"எப்ப பதிச்சீங்க?"

"இந்தப் பக்கம் ஒம்பது மணிக்கு. இருந்த எடம்பூரா பொந்து பொந்தா இருந்துச்சு. மார்கழிலேந்தே வந்துட்டு டீச்சர். ஆடு கெட்டுத எடத்துக்கு ஒங்க ஈ வந்துட்டு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன், சத்தமாகவே கேட்டேன், பக்கத்தில் மணல் அள்ளிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கோபப்படவில்லை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தாள். "சொல்லத்தான காலேசுக்கு வந்தேன். ஆட்டத் திரும்ப உள்ள விடச் சொல்லி எழுதுவியன்னு நெனச்சேன். எனக்கும் மேச்சல் கெடைக்கும், ஒங்க ஈயும் பொழச்சிக்கிடும். லீவுன்னு சொன்னாவ. உள்ள ஒங்க கொரலு கேட்டுக்கிட்டுதான இருந்துச்சு."

கல்லை எடு என்றேன். நான்கே நான்கு வரிசை, நானே எடுக்கிறேன், ஒரு கம்பி கொடு என்றேன். குனிந்து ஒரு கல்லின் இடுக்கில் நகத்தை விட்டேன். அவள் என் கையைப் பிடித்து விலக்கினாள். பலமாகப் பிடிக்கவில்லை.

"எழுதிக் குடுங்க டீச்சர், எடுக்கேன். நீங்க எழுதிக் குடுத்தா எல்லாம் நடக்கும்லா."

பிறகு அவள் அடுத்த கல்லை எடுத்து வைத்துத் தட்டத் தொடங்கினாள். நான் வேறு என்ன செய்வது என்று தெரியாமல் பையிலிருந்து நோட்டை எடுத்தேன். முறைப்படி இடம், நேரம், வானிலை எழுதினேன். மனை பதினான்கு முன்பு, காலை 11.10, வெயில், காற்று இல்லை. அரை மணி நேரம் நின்று எண்ணினேன். எண்பத்தாறு.

எண்ணி முடித்த இரண்டாவது நிமிஷம் மணல் அள்ளும் பெண்களில் ஒருத்தி, பூச்சி கடிக்கப்போகிறது என்று துடைப்பத்தை எடுத்து வந்தாள். கடிக்காது என்று முப்பிடாதிதான் சொன்னாள்.